எண்ணான நிலம் – 9: இணையத்தில் இடம் கேட்கும் மொழிகள்

1974-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 'சீக்வெல்' என்ற வினவல் மொழியை வெளியிட்டனர். பின்னர் எஸ்க்யூஎல் என்று பெயர் சுருங்கி, தரவுத்தளங்களின் பொதுமொழியாக அது நிலைபெற்றது. எந்த ஊழியர் எந்தத் துறையில் இருக்கிறார், யாருக்குச் சம்பளம் அதிகம் என்று அதில் எளிதாகக் கேட்கலாம். ஒரு கிராமம் எந்த வட்டத்துக்குள் வருகிறது, ஒரு சாலை எத்தனை இடங்களில் ஆற்றைக் கடக்கிறது என்று கேட்க வழியே இல்லை. எண்ணோடு எண்ணையும் எழுத்தோடு எழுத்தையும் ஒப்பிடத் தெரிந்த மொழி அது; வடிவத்தோடு வடிவத்தை ஒப்பிட அதற்குத் தெரியாது.

இந்தக் குறைக்கு இரண்டு வேர்கள். ஒன்று வேகம்: லட்சம் வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தால் அன்றைய கணினிகளுக்கு நாள் போதாது. மற்றது பொருள்: 'உள்ளே', 'ஒட்டி', 'குறுக்கே' என்ற சொற்களுக்கு எல்லோரும் ஒப்பிய வரையறை கிடையாது. ஓர் ஏரியும் ஒரு வயலும் கரையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றை வெட்டிக்கொள்பவை என்பதா, ஒட்டி நிற்பவை என்பதா? ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் விடை சொன்னது.

வேகத்துக்கான தீர்வு முதலில் வந்தது. 1984-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அன்டோனின் கட்மன் 'ஆர்-மரம்' என்ற சுட்டுமுறையை முன்வைத்தார். ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு செவ்வகத்துக்குள் அடைத்து, அருகருகே உள்ள செவ்வகங்களைப் பெரிய செவ்வகங்களுக்குள் தொகுத்துக்கொண்டே போவதுதான் அதன் வழி. தேடும்போது ஒரு பெரிய செவ்வகம் தேவையில்லை என்று தெரிந்தால், அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான வடிவங்களையும் தொடாமலே விட்டுவிடலாம். இடஞ்சார் தரவுத்தளங்கள் பலவும் இன்றுவரை இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

பொருளுக்கான தீர்வு அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1990-களின் தொடக்கத்தில் மாக்ஸ் எகன்ஹோஃபரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒவ்வொரு வடிவத்தையும் மூன்று பகுதிகளாகப் பார்த்தனர்: உட்புறம், எல்லை, வெளிப்புறம். ஒரு வடிவத்தின் மூன்று பகுதிகளை இன்னொன்றின் மூன்றோடும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். எந்தக் கட்டத்தில் பொதுப்பகுதி உண்டு, எதில் இல்லை என்று குறித்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள உறவு வெளிப்பட்டுவிடும். துளையில்லாத எளிய பரப்புகள் இரண்டை எடுத்துக்கொண்டால் எட்டே எட்டு உறவுகள்தான் சாத்தியம் என்றும் அவர்கள் காட்டினர். இத்தாலியின் லாக்விலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசியோ கிளெமென்டினியும் பவோலினோ டி ஃபெலிசேயும் இதில் பரிமாணத்தையும் சேர்த்தனர். இரண்டு வடிவங்கள் சந்திப்பது ஒரு புள்ளியிலா, கோட்டிலா, பரப்பிலா என்பதும் அதன்பின் கணக்கில் வந்தது.

ஒன்பது கட்டங்களையும் வரிசையாக எழுதினால் ஒன்பது குறிகள் கொண்ட ஒரு சரம் வரும். 'உள்ளே' என்ற உறவுக்கு அந்தச் சரத்தில் மூன்றே நிபந்தனைகள். முதல் கட்டத்தில் 'உண்டு': இரண்டு உட்புறங்களும் எங்காவது சந்திக்க வேண்டும். மூன்றாவதிலும் ஆறாவதிலும் 'இல்லை': முதல் வடிவத்தின் உட்புறமோ எல்லையோ இரண்டாவதன் வெளிப்புறத்தைத் தொடக்கூடாது. மீதி ஆறு கட்டங்களில் என்ன இருந்தாலும் சரி. இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவும் பிறக்கிறது. ஒரு மாவட்டத்தின் எல்லைக்கோட்டின் மேலேயே ஓர் ஆறு கோடாக வரையப்பட்டிருந்தால், அந்த ஆறு மாவட்டத்தின் 'உள்ளே' இல்லை. ஆற்றுக்கோட்டின் உட்புறம் மாவட்டத்தின் உட்புறத்தைச் சந்திக்கவே இல்லையே. 'உள்ளே' என்று கேட்டு எடுக்கும் பட்டியலில் எல்லை ஆறுகள் காணாமல்போவது இதனால்தான். வரையறையை மாற்றாமல், எல்லையையும் சேர்த்துக்கொள்ளும் 'மூடப்பட்டது' என்ற தனி உறவைப் பின்னாளில் மென்பொருள்கள் சேர்த்துக்கொண்டன.

1994-இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஜிஐஎஸ் கன்சார்ட்டியம் (2004 முதல் ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்ட்டியம், சுருக்கமாக ஓஜிசி) இந்த ஆய்வுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் 'சிம்பிள் ஃபீச்சர்ஸ்' தர வரையறை எஸ்க்யூஎல்லுக்குள் புள்ளி, கோடு, பலகோணம் ஆகிய வகைகளையும், சமம், விலகல், வெட்டல், தொடல், கடத்தல், உள்ளிருத்தல், கொள்ளல், மேற்கவிதல் என்ற எட்டு உறவுகளையும் புகுத்தியது. கனடாவின் விக்டோரியா நகரில் ரிஃப்ராக்ஷன்ஸ் ரிசர்ச் என்ற சிறிய நிறுவனம் 2001 மே மாதத்தில் வெளியிட்ட போஸ்ட்ஜிஐஎஸ் இதைக் காசில்லாமல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி செய்தது. டேவ் பிளாஸ்பி, பால் ராம்சே ஆகியோரின் கையில் பிறந்த அந்த முதல் பதிப்பால் பெரிய பகுப்பாய்வு எதுவும் செய்ய முடியவில்லை. மார்ட்டின் டேவிஸ் ஜாவாவில் எழுதிய ஜேடிஎஸ் நூலகம் சி++ மொழிக்கு மாற்றப்பட்டு, ஜியோஸ் என்ற பெயரில் போஸ்ட்ஜிஐஎஸ்ஸுடன் இணைந்த பிறகுதான் எட்டு உறவுகளும் முழுமையாக உயிர்பெற்றன.

இதுவரை சொன்னவையெல்லாம் நான்கு சுவர்களுக்குள் நடந்தவை. கேட்பவரும் தரவை வைத்திருப்பவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தார்கள். இணையம் வந்ததும் கேட்பவர் எங்கிருக்கிறார், யார், எத்தனை பேர் என்பதெல்லாம் தெரியாமல்போயின. இடஞ்சார் கேள்வியோ சாதாரணக் கேள்வியைவிடப் பன்மடங்கு கனமானது. லட்சம் முனைப்புள்ளிகள் கொண்ட ஒரு கடற்கரைப் பலகோணத்தை அதே போன்ற இன்னொன்றோடு வெட்டச் சொன்னால், ஒற்றை வரிக் கேள்வியே சர்வரை நிமிடக்கணக்கில் முடக்கிப்போடும். எஸ்க்யூஎல்லை அப்படியே உலகத்துக்குத் திறந்துவிடப் பெரும்பாலான நிறுவனங்கள் துணியாததற்கு இதுவே காரணம். கேட்பவருக்கு எவ்வளவு சுதந்திரம், சர்வருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்ற பேரத்தில்தான் இணைய வினவல் மொழிகள் ஒவ்வொன்றும் பிறந்தன. ஒவ்வொன்றின் இலக்கணமும் அந்தப் பேரம் எங்கே முடிந்தது என்பதைக் காட்டுகிறது.

முதல் பேரம் மிகக் கறாரானது. 2000-இல் ஓஜிசி வெளியிட்ட வெப் மேப் சர்வீஸ், கேட்பவருக்கு வரைபடத்தின் படத்தை மட்டும் அனுப்பியது. ஒரு படப்புள்ளியைச் சுட்டி 'இங்கே என்ன இருக்கிறது' என்று கேட்கலாம். அதற்கு மேல் இல்லை. 2002-இல் வந்த வெப் ஃபீச்சர் சர்வீஸ் படத்துக்குப் பதில் தரவையே, அதாவது ஆயத்தொலைவுகளும் பண்புகளும் அடங்கிய பதிவுகளையே, அனுப்பத் தொடங்கியது. அதோடு இணைந்தது ஃபில்டர் என்கோடிங் என்ற வினவல் மொழி. முழுக்க எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் மொழி அது. 'மக்கள்தொகை 10,000-க்கு மேல், இந்தப் பலகோணத்துக்குள்' என்ற எளிய நிபந்தனைக்கே திறக்கும் குறியும் மூடும் குறியுமாக இருபது வரி ஓடும். மனிதர் கையால் எழுதுவதற்கு என்று அதை யாரும் வடிவமைக்கவில்லை; ஒரு மென்பொருள் எழுதி இன்னொரு மென்பொருள் படிப்பதற்கானது அது. ஆற்றலும் குறைவு: ஒரே வகைப் பதிவுகளைச் சலிக்கலாம், இரண்டு வகைகளை இணைத்துக் கேட்க முடியாது. 'ஆறுகளிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள பள்ளிகள்' என்பது இரண்டு அடுக்குகளைச் சேர்க்கும் கேள்வி. முதல் பதிப்பில் அதற்கு இடமே இல்லை. 2010-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இணைப்பு வினவல் அனுமதிக்கப்பட்டது. புவியியல் பகுப்பாய்வின் உயிரே அடுக்குகளைச் சேர்ப்பதில் இருக்கும்போது இத்தனை ஆண்டுத் தாமதம் பெரிய இழப்புதான்.

அதே காலத்தில் இன்னொரு சிக்கல் பயனர்களைப் படாதபாடு படுத்தியது. ஆயத்தொலைவில் முதலில் வருவது தீர்க்கரேகையா, அட்சரேகையா என்பதுதான் அது. தொடக்கக் காலப் பதிப்புகளில் தீர்க்கரேகை முதலில் வந்தது. பின்வந்த வெப் மேப் சர்வீஸ் 1.3, வெப் ஃபீச்சர் சர்வீஸ் 1.1 ஆகியவை நில அளவையியலாளர்களின் மரபைப் பின்பற்றி, உலகப் பொது ஆயமுறைக்கு அட்சரேகையை முதலில் வைத்தன. சென்னை வடக்கு 13.08, கிழக்கு 80.27. வரிசை மாறினால் அதே இரண்டு எண்கள் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலைக் காட்டும். சர்வர் பிழை எதுவும் சொல்லாது. அந்தக் கடலில் பள்ளிகள் இல்லை என்று வெறும் பட்டியலை நேர்மையாகத் திருப்பி அனுப்பும். 2008-இல் பரவத் தொடங்கிய ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையையே முதலில் வைத்தது. 2016-இல் அது இணையத் தரமாக வெளியானபோதும் அந்த வரிசை மாறவில்லை. இரண்டு மரபுகளும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. இணைய வரைபட வேலையில் இறங்குபவர் முதல் வாரத்திலேயே இதில் கால் இடறுவது வழக்கமாகிவிட்டது.

எக்ஸ்எம்எல்லின் சுமையைக் குறைக்க ஓஜிசியின் பட்டியல் சேவைத் தரத்துக்குள்ளேயே ஒரு சிறிய மொழி இருந்தது. எஸ்க்யூஎல்லின் நிபந்தனைப் பகுதியை ஒத்த அந்த மொழியின் பெயர் சிக்யூஎல். ஜியோசர்வர் என்ற திறமூல மென்பொருள் அதை எடுத்து, இணைய முகவரியின் வாலிலேயே ஒட்டும்படி செய்தது. இருபது வரி எக்ஸ்எம்எல் ஒற்றை வரியாகச் சுருங்கியது. முறைப்படியான தரமாக இல்லாதபோதே அது பல ஆண்டுகள் இந்தத் துறையில் வேலைசெய்பவர்களின் கைமொழியாகப் புழங்கியது.

புள்ளியும் கோடும் பலகோணமும் புவியியல் தரவின் ஒரு பாதி. மறுபாதி செயற்கைக்கோள் படங்கள், வெப்பநிலைக் கட்டங்கள், உயர வரைபடங்கள் போன்ற கட்டத் தரவு. ஜெர்மனியின் பிரேமன் நகரில் அன்று ஜேக்கப்ஸ் என்ற பெயரில் இயங்கிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பீட்டர் பவுமன், பல பரிமாண அணிகளுக்கென்று ஒரு தரவுத்தளத்தை 1990-களிலிருந்தே வளர்த்துவந்தார். அதன் பெயர் ராஸ்டமன். அந்த அனுபவத்திலிருந்து உருவான வெப் கவரேஜ் பிராசஸிங் சர்வீஸ் மொழியை 2008-இல் ஓஜிசி தரமாக ஏற்றது. 'இந்தத் தரவுத்தொகுப்பு ஒவ்வொன்றுக்கும், இந்தக் கணக்கைச் செய்து, இந்த வடிவத்தில் திருப்பிக் கொடு' என்பதே அதன் வாக்கிய அமைப்பு. பயிரின் பசுமையை அளக்க அகச்சிவப்பு அலையிலிருந்து சிவப்பைக் கழித்து, அவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அந்தக் கணக்கை மூல வாய்ப்பாடு போலவே ஒரே வரியில் எழுதி அனுப்பலாம். ஜிகாபைட் கணக்கான படங்கள் சர்வரிலேயே இருக்க, விடை மட்டும் சிறு படமாகவோ ஒற்றை எண்ணாகவோ திரும்பும்.

இந்த மொழியின் உண்மையான நுட்பம் அது எதை அனுமதிக்கவில்லை என்பதில் இருக்கிறது. முடிவின்றிச் சுற்றும் சுழற்சியையோ தன்னைத்தானே அழைக்கும் நிரலையோ அதில் எழுதவே முடியாது. எழுதப்படும் வினவல் ஒவ்வொன்றும் எப்போதாவது முடிந்தே தீரும் என்று அதன் இலக்கணமே உறுதி கொடுக்கிறது. முன்பின் தெரியாதவரின் கேள்வியை ஏற்கும் சர்வருக்கு இதைவிட நல்ல காப்பு இருக்க முடியாது. பேரத்தை இவ்வளவு தெளிவாக யோசித்து முடித்த மொழி இந்த வரலாற்றில் வேறில்லை. இருந்தும் ஆய்வு நிறுவனங்களின் வட்டத்துக்கு வெளியே அது பெரிதாகப் பரவவில்லை.

பரவியது வேறொரு வழி. 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் சேமிப்பு முழுவதையும் 2008-இல் அமெரிக்க அரசு இலவசமாக்கியது. அதுவரை விலை கொடுத்து ஒன்றிரண்டாக வாங்கிய படங்களை ஆய்வாளர்கள் லட்சக்கணக்கில் எடுக்க முடிந்தது. எடுத்துவைக்கத்தான் இடமில்லை. 2010-இல் கூகுள் அறிவித்த எர்த் எஞ்ஜின், படங்களைத் தன் கணினிகளிலேயே வைத்துக்கொண்டு கேள்விகளை மட்டும் வரவேற்றது. பயனர் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுகிறார். ஆனால் அந்த வரிகள் உலாவியில் எதையும் கணக்கிடுவதில்லை. செய்யவேண்டிய வேலைகளின் விவரிப்பாக அவை திரண்டு சர்வருக்குப் போகின்றன. திரையில் எந்தப் பகுதி, எந்த அளவில் தெரிகிறதோ அதற்கு மட்டும் சர்வர் கணக்கிடுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹான்சனும் குழுவினரும் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட உலகக் காடுகளின் வரைபடம் இப்படித்தான் பிறந்தது. ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட லேண்ட்சாட் படங்கள் அதில் அலசப்பட்டன. ஒரே கணினியில் 15 ஆண்டு ஆகியிருக்கும் வேலை சில நாள்களில் முடிந்தது என்று கூகுள் கணக்கிட்டது. 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு அழிந்ததும், 8 லட்சம் சதுர கிலோமீட்டர் புதிதாக வளர்ந்ததும் 30 மீட்டர் துல்லியத்தில் முதன்முறையாகத் தெரியவந்தன. இங்கே பேரத்தின் விலை வேறு வடிவில் வந்தது: கேள்வி எழுதும் முறை ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம், அதை வேறு எந்த சர்வரிடமும் கேட்க முடியாது. ஐரோப்பியக் குழு ஒன்று 2017-இல் தொடங்கிய ஓப்பன்இஓ திட்டம், ஒரே கேள்வியைப் பல சர்வர்களுக்கும் அனுப்பும் பொது வழியை உருவாக்க முயன்றது.

ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நிலைமை வேறு. தன்னார்வலர்கள் வரைந்த உலக வரைபடத்தில் அடுக்குகளும் இல்லை, அட்டவணைகளும் இல்லை. நோட் (புள்ளி), வே (கோடு), ரிலேஷன் (தொகுப்பு) என்ற மூன்று வகைப் பொருள்களும், அவற்றில் வேண்டியபடி ஒட்டப்பட்ட டேக்குகள் என்ற குறிச்சொற்களும்தான் உண்டு. ஓஜிசியின் மொழிகள் இதற்குப் பொருந்தவில்லை. ரோலண்ட் ஓல்பிரிக்ட் என்ற ஜெர்மானியர் இந்தத் தரவுக்கென்றே ஓவர்பாஸ் என்ற சர்வரையும் அதற்கொரு மொழியையும் எழுதினார். முதலில் எக்ஸ்எம்எல்லில் இருந்த அந்த மொழிக்குப் பின்னர் அடைப்புக்குறிகளால் ஆன சுருக்க வடிவமும் வந்தது. இன்று பெரும்பாலோர் எழுதுவது சுருக்க வடிவத்தைத்தான்.

ரோமில் கொலோசியத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் குடிநீர்க் குழாய்களை ஓவர்பாஸில் இரண்டே வரியில் கேட்டுவிடலாம். முதல் வரி கொலோசியத்தைப் பெயரால் தேடி ஒரு தொகுப்பில் வைக்கும். இரண்டாவது வரி அந்தத் தொகுப்பைச் சுற்றி 500 மீட்டருக்குள், 'டிரிங்கிங் வாட்டர்' என்று டேக் போட்ட நோட்களைக் கேட்கும். ஆனால் குழாய்க்குப் பதில் தெருக்களைக் கேட்டால், வரும் விடையில் இடமே இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு தெரு என்பது நோட்களின் அடையாள எண்களைக் கொண்ட பட்டியல் மட்டுமே. ஆயத்தொலைவு இருப்பது நோட்களில். அதனால்தான் அந்த மொழியில் வலப்பக்கம் நோக்கும் ஓர் அம்புக்குறி இருக்கிறது: 'இந்தத் தெருக்களுக்குக் கீழே இறங்கி, அவற்றின் நோட்களையும் சேர்த்துக் கொடு' என்பது அதன் பொருள். தரவின் அமைப்பு மொழியின் நிறுத்தற்குறி வரை இறங்கியிருப்பதை இவ்வளவு அருகில் காண்பது அரிது. 2012 செப்டம்பர் வரை பின்னோக்கிச் சென்று, ஒரு குறிப்பிட்ட நாளில் வரைபடம் எப்படி இருந்தது என்றும் இதில் கேட்கலாம்.

பாதுகாப்பை ஓவர்பாஸ் இலக்கணத்தில் வைக்கவில்லை, கடிகாரத்தில் வைத்தது. கேட்பவர் வேறெதுவும் சொல்லாவிட்டால் ஒரு வினவலுக்கு 180 வினாடி, 512 மெகாபைட் நினைவகம். அதைத் தாண்டினால் வினவல் வெட்டப்படும். ஒரே முகவரியிலிருந்து அடுக்கடுக்காக வரும் கேள்விகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். மார்ட்டின் ரைஃபர் எழுதிய ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்தில் இடப்புறம் கேள்வியும் வலப்புறம் வரைபடமுமாக எவரும் எழுதிப் பார்க்கலாம். நிரலாளர் அல்லாதவர்களையும் இடஞ்சார் வினவல் எழுத வைத்ததில் அந்தப் பக்கத்துக்கு உள்ள பங்கு பெரியது.

இணையத் தரவுகளைப் பொருளறிந்து இணைக்க முயலும் சொற்பொருள் வலைக்காரர்களும் தங்கள் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தனர். 2008-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி தரமாக்கிய ஸ்பார்க்கில் வினவல் மொழியில் இடத்தைக் கேட்க, 2012-இல் ஓஜிசி ஜியோஸ்பார்க்கில் என்ற விரிவாக்கத்தை வெளியிட்டது. இட உறவுகளுக்கு அதில் மூன்று சொற்றொகுதிகள் உண்டு: சிம்பிள் ஃபீச்சர்ஸுடையது, எகன்ஹோஃபருடையது, தர்க்கவியலாளர்கள் வளர்த்த ஆர்சிசி-8 உடையது. யாரையும் விட்டுவிட மனமில்லாத குழு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டதால், மென்பொருள் எழுதுபவருக்கு வேலை மும்மடங்கானது. 2015-இல் திறக்கப்பட்ட விக்கிதரவின் வினவல் சேவை ஜியோஸ்பார்க்கிலைக் கைக்கொள்ளவில்லை. ஒரு புள்ளியைச் சுற்றி, ஒரு பெட்டிக்குள் என்ற இரண்டு தேடல்களோடும் 60 வினாடி வரம்போடும் அது நிறுத்திக்கொண்டது.

ஓஜிசி தன் பழைய எக்ஸ்எம்எல் சேவைகளை 2019-இலிருந்து ஒவ்வொன்றாகப் புதுப்பித்துவருகிறது. அந்த ஆண்டு வந்த ஓஜிசி ஏபிஐ ஃபீச்சர்ஸ் முதற்பகுதி, ஒரு பெட்டிக்குள் உள்ளவை, ஒரு காலத்துக்குள் உள்ளவை என்பன போன்ற எளிய கேள்விகளை மட்டும் கேட்க விட்டது. முழு மொழி 2024-இல் சிக்யூஎல்2 என்ற பெயரில் தரமானது. ஜியோசர்வர்காரர்களின் பழைய கைமொழிக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அங்கீகாரம் என்று அதைச் சொல்லலாம். மனிதர் எழுத ஓர் எழுத்துவடிவம், நிரல்கள் எழுத ஒரு ஜேசன் வடிவம் என்று அதற்கு இரண்டு உருவங்கள். அதோடு, தன்னால் எந்த அளவு வரை பதில் சொல்ல முடியும் என்பதை ஒவ்வொரு சர்வரும் முன்கூட்டியே அறிவிக்கிறது. வெறும் ஒப்பீடு மட்டும் தெரிந்த சர்வரும், எட்டு உறவுகளையும் கணக்கிடும் சர்வரும் ஒரே தரத்துக்குள் இருக்கலாம். செயற்கைக்கோள் படங்களின் பட்டியல்களைத் தேட உதவும் ஸ்டாக் ஏபிஐயும் இதே மொழியை எடுத்துக்கொண்டது.

அண்மை ஆண்டுகளில் பேரத்தின் மேசையே நகர்ந்துவிட்டது. ஒரு கோப்பின் வேண்டிய பகுதியை மட்டும் கேட்டு வாங்கும் வசதி ஹெச்டிடிபி நெறிமுறையில் நெடுநாளாகவே உண்டு. அதைப் பயன்படுத்தும்படி அடுக்கப்பட்ட கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப், 2023-இல் முதல் பதிப்பு கண்ட ஜியோபார்க்கே ஆகிய கோப்பு வடிவங்களுக்குக் கணக்குப்போடும் சர்வரே தேவையில்லை. அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகியவை 2022 டிசம்பரில் தொடங்கிய ஓவர்ச்சர் மேப்ஸ் அமைப்பு தன் உலக வரைபடத் தரவை ஜியோபார்க்கேயில்தான் வெளியிடுகிறது. பயனரின் மடிக்கணினியில் ஓடும் டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள், முதலில் கோப்பின் கடைசியில் உள்ள குறிப்பை மட்டும் இணையம் வழியே படிக்கிறது. எந்தத் தொகுதி எந்தச் செவ்வகத்துக்குள் வருகிறது என்று அதில் இருக்கும். தேவையான தொகுதிகளை மட்டும் வரவழைத்து, சாதாரண எஸ்க்யூஎல்லில், எட்டு உறவுகளோடும் அடுக்கு இணைப்புகளோடும் விடையைச் சொந்தக் கணினியிலேயே கணக்கிட்டுக்கொள்கிறது. கேள்வி எவ்வளவு கனமானாலும் அதன் சுமை கேட்டவர் மேலேயே விழுவதால், இலக்கணத்தை ஒடுக்கவோ கடிகாரம் வைக்கவோ வேண்டியதில்லை. ஆனால் அருகருகே உள்ள இடங்கள் கோப்பிலும் அருகருகே இருக்கும்படி வெளியிடுபவர் முன்பே வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாத கோப்பில் ஒரு தெருவைத் தேடினாலும் கிட்டத்தட்ட முழுக் கோப்பும் கம்பி வழியே இறங்கும். நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற தரவை இந்த நிமிடம் உள்ளபடி கேட்க வேண்டியவர்கள் இன்னும் ஓவர்பாஸ் போன்ற சர்வர்களிடம்தான் போகிறார்கள்.